அரசியல் அறிவியலில் பாலின ஆய்வு: முனைவர் பட்டத்துக்கு எது முதலில், எது பிறகு

பலர் தலைப்பை வைத்துக்கொண்டு நெறியாளரைத் தேடுகிறார்கள். சேர்ந்த பிறகு கேள்வியைத் தேடுகிறார்கள். களத்துக்குப் போன பிறகுதான் தரவு கிடைக்குமா என்று பார்க்கிறார்கள். மூன்றாம் ஆண்டில் எல்லாவற்றையும் கலைத்துப் போட்டு மறுபடி ஆரம்பிக்கிறார்கள். நானும் அப்படித்தான் ஒன்றரை வருடத்தைத் தொலைத்தேன். பிறகு ஜூனியர்கள் சிலருக்குக் கூடமாட உதவியபோது, எல்லோரும் ஏறக்குறைய அதே இடங்களில்தான் சறுக்குகிறார்கள் என்று தெரிந்தது.

இங்கே உள்ள வரிசை, தமிழ்நாட்டில் அரசியல் அறிவியல் துறையில் சேர்ந்து பாலினத்தை மையமாக வைத்து ஆய்வு செய்ய நினைப்பவர்களுக்கானது. ஒரே உதாரணத்தைக் கடைசி வரை கொண்டுபோகிறேன்: பெண் ஊராட்சித் தலைவர்கள். உங்கள் பொருள் வேறாக இருக்கலாம், வரிசை மாறாது.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

முதுகலையில் 55% மதிப்பெண். எஸ்.சி., எஸ்.டி., கிரீமி லேயரில் வராத ஓ.பி.சி., மாற்றுத்திறனாளிகள், பொருளாதாரத்தில் நலிந்த பிரிவினர் ஆகியோருக்கு 5% தளர்வு உண்டு. நான்கு ஆண்டு இளங்கலை முடித்தவர்கள் 75% இருந்தால் நேரடியாக வரலாம். இவை பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2022 நவம்பரில் கொண்டுவந்த விதிகள். எம்.ஃபில். இனி இல்லை, அதற்காகக் காத்திருக்காதீர்கள்.

முதுகலை சமூகவியலிலோ பெண்ணியல் துறையிலோ படித்திருந்தால், அரசியல் அறிவியலில் பதிவு செய்ய அது 'தொடர்புடைய பாடமாக' ஏற்கப்படுமா என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகத்தின் அறிவிக்கையில் பாருங்கள். ஒரு இடத்தில் ஏற்பார்கள், அடுத்த இடத்தில் மாட்டார்கள்.

சாதிச் சான்றிதழில் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். நம்மிடம் இருக்கும் பி.சி., எம்.பி.சி. சான்றிதழ் மாநிலத்துக்கானது. நெட் தேர்வுக்கும் (உதவிப் பேராசிரியர் தகுதி, ஆய்வு உதவித்தொகை, முனைவர் பட்டச் சேர்க்கை ஆகியவற்றுக்கான தேசியத் தேர்வு) மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கும் மத்திய அரசு படிவத்தில் ஓ.பி.சி. சான்றிதழ் தனியாக வாங்க வேண்டும். உங்கள் சாதி மத்தியப் பட்டியலில் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். தேர்வு அறிவிப்பு வந்த பிறகு தாலுகா அலுவலகத்துக்கு ஓடினால் கடைசித் தேதிக்குள் கிடைக்காது.

அப்புறம் காலக்கணக்கு. குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 6. மறுபதிவு செய்தால் இன்னும் 2. பெண்களுக்கும் 40 சதவீதத்துக்கு மேல் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் அதற்கு மேல் இன்னொரு 2, மொத்தம் 10 ஆண்டுக்கு மிகாமல். மகப்பேறு, குழந்தை வளர்ப்புக்காகப் பெண்களுக்கு 240 நாள் வரை விடுப்பு உண்டு. திருமணமாகி வேறு ஊருக்குப் போக நேர்ந்தால் ஆய்வை அங்குள்ள நிறுவனத்துக்கு மாற்றிக்கொள்ளவும் வழியிருக்கிறது. பாலினத்தைப் பற்றி ஆய்வு செய்துகொண்டே இந்த விதிகள் தெரியாமல் பதிவை ரத்து செய்துகொண்டு போன பெண்களைப் பார்த்திருக்கிறேன். விதிகளை அச்செடுத்துக் கோப்பில் வையுங்கள். அலுவலகத்தில் யாரும் உங்களைக் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள்.

2. கேள்வியை எழுதுங்கள், தலைப்பு காத்திருக்கட்டும்

'தமிழ்நாட்டு உள்ளாட்சியில் பெண்களின் அரசியல் பங்கேற்பு: ஓர் ஆய்வு.' இந்தத் தலைப்போடு வருபவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: என்ன தெரியவில்லை உங்களுக்கு? பதில் வராது. தலைப்பில் ஒரு பொருள் இருக்கிறது, புதிர் இல்லை. புதிர் இல்லாவிட்டால் எந்தத் தரவு வேண்டும், எது வேண்டாம் என்று முடிவு செய்ய முடியாது. எல்லாவற்றையும் சேகரித்துவிட்டு 400 பக்கத்தில் மூழ்க வேண்டியதுதான்.

புதிர் பெரும்பாலும் ஒரு விதியும் நடைமுறையும் உரசும் இடத்தில் கிடைக்கும். எங்கள் உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். 73-வது அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தபோது உள்ளாட்சிப் பதவிகளில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களுக்கு என்றது. தமிழ்நாடு 2016-ல் அதைப் பாதியாக்கியது. பட்டியல் சாதியினருக்கான தலைவர் பதவிகளிலும் ஒரு பங்கு பெண்களுக்குப் போகிறது. இது விதி.

ஆனால் ஊராட்சிக் கணக்கிலிருந்து பணம் எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். தலைவரை ஊர் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுக்கிறார்கள். தலைவர் பட்டியல் சாதிப் பெண், துணைத் தலைவர் ஊரின் ஆதிக்க சாதி ஆண் என்றால்? அவர் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்தால் தெருவிளக்குக்கு பல்பு கூட வாங்க முடியாது.

இப்போது கேள்வி தானாக வருகிறது: 'கூட்டுக் கையொப்ப ஏற்பாடு, தலைவரின் பாலினத்தையும் சாதியையும் பொறுத்து எப்படி வேறு வேறாக வேலை செய்கிறது?' இதற்கு விடை உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது, தேடினால் கிடைக்கக்கூடியது. ஆய்வுக் கேள்விக்கு இந்த மூன்றும் போதும்.

ஒரு பயிற்சி: கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதி, படிப்புக்குச் சம்பந்தமில்லாத வீட்டு மனிதர் ஒருவரிடம் படித்துக் காட்டுங்கள். 'சரி, அப்புறம் என்ன ஆச்சு?' என்று கேட்டால் கேள்வி தேறிவிட்டது. 'நல்லாயிருக்கு' என்றால் திரும்ப எழுதுங்கள்.

3. 'இதில் அரசியல் அறிவியல் எங்கே?' என்பதற்குப் பதில் தயார் செய்யுங்கள்

இந்தக் கேள்வி நேர்காணலில் வரும், ஆய்வு எங்கே நிற்கிறது என்று பார்க்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூடும் ஆலோசனைக் குழுவில் வரும், கடைசியில் நடக்கும் வாய்மொழித் தேர்வான வைவாவிலும் வரும். பாலினம் என்றாலே 'இது சமூகவியல்தானே' என்று சொல்ல ஒருவர் எப்போதும் இருப்பார். கோபப்பட வேண்டாம், பாதி நேரம் அவர் சொல்வது சரி.

சோதித்துப் பார்க்க எளிய வழி இருக்கிறது. உங்கள் கேள்வியில் அதிகாரம், விதி, நிறுவனம், பிரதிநிதித்துவம், அரசு ஆகியவற்றில் ஒன்றாவது வேலை செய்கிறதா? அலங்காரமாக நின்றால் போதாது, அதை எடுத்துவிட்டால் கேள்வியே விழுந்துவிட வேண்டும். கூட்டுக் கையொப்பத்தை எடுத்துவிட்டால் எங்கள் கேள்வி விழுந்துவிடும். ஆகவே அது அரசியல் அறிவியல்.

கோட்பாட்டுப் பகுதியில் நான்கைந்து பெயர்களை அடுக்குவதைவிட ஒரு கருவியை ஒழுங்காகப் பிடியுங்கள். பிரதிநிதித்துவத்தைப் பற்றி அரசியல் கோட்பாட்டாளர் ஹன்னா பிட்கின் 1967-ல் செய்த பிரிப்பு இன்னும் உதவுகிறது. ஒருவர் என்னைப் போன்றவர் என்பதால் எனக்காக நிற்பது ஒன்று, எனக்காகச் செயல்படுவது வேறொன்று. இடஒதுக்கீடு முதலாவதை உறுதி செய்கிறது. இரண்டாவது நடக்கிறதா, நடக்காவிட்டால் எந்த இடத்தில் தடைபடுகிறது என்பதைத்தான் நாம் தேடுகிறோம். இந்த ஒரு பிரிப்பை வைத்தே ஆய்வேட்டின் மூன்று அத்தியாயங்கள் நிற்கும்.

இன்னொரு பிழையையும் இங்கேயே தீர்த்துவிடுங்கள். பாலினம் என்றால் பெண்கள் என்று அர்த்தமில்லை, அது ஓர் உறவு. பெண் தலைவர்களை மட்டும் பேட்டி எடுத்துவிட்டு வந்தால் உறவின் ஒரு முனைதான் கையில் இருக்கும். துணைத் தலைவர், ஊராட்சிச் செயலர், கணவர் ஆகியோரும் உங்கள் பட்டியலில் வேண்டும். பொதுத் தொகுதியில் ஆண் தலைவராக இருக்கும் சில ஊராட்சிகளும் ஒப்பீட்டுக்கு வேண்டும். அங்கேயும் கையெழுத்துத் தகராறு இதே அளவு இருந்தால், உங்கள் வாதத்தில் பாலினத்துக்கு வேலையே இல்லை என்றாகிவிடும். அதைக் கடைசியில் தேர்வாளர் சொல்வதைவிட முதலிலேயே நீங்கள் கண்டுபிடிப்பது நல்லது.

சொற்களையும் முடிவு செய்யுங்கள். நம் விண்ணப்பப் படிவங்களில் 'பாலினம்' என்ற இடத்தில் ஆண், பெண் என்று உடற்பாலைத்தான் கேட்கிறார்கள். ஆய்வில் அதே சொல் சமூகம் வகுத்த நிலையைக் குறிக்கிறது. இலங்கைத் தமிழில் இதற்குப் 'பால்நிலை' என்ற சொல் புழங்குகிறது. எனக்கு அதுதான் தெளிவாகப் படுகிறது, ஆனால் இங்கே தேர்வாளர்களுக்குப் பழக்கமில்லை. எதை எடுத்தாலும் முதல் அத்தியாயத்தில் வரையறுத்துவிட்டுக் கடைசி வரை மாற்றாதீர்கள். திருநங்கையர், திருநம்பிகள் உங்கள் ஆய்வில் இல்லையென்றால் ஏன் இல்லை என்று ஒரு பத்தி எழுதுங்கள். மௌனமாக விட்டால் அது கவனக்குறைவாகத் தெரியும்.

4. தரவு கிடைக்குமா? சேரும் முன்பே சோதியுங்கள்

இதை எல்லோரும் சேர்ந்த பிறகு செய்கிறார்கள். முன்பே செய்தால் நேர்காணலில் உங்கள் முன்மொழிவுக்குத் தனி எடை வரும், கேள்வி ஓடாது என்று தெரிந்தால் மாற்றிக்கொள்ளவும் நேரம் இருக்கும்.

சட்டமன்றம், நாடாளுமன்றம் பற்றியது என்றால் பெரிய கவலையில்லை. வாக்களித்தவர்களில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்பது தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கைகளில் இருக்கிறது. வேட்பாளர்களின் பாலினத்தையும் சேர்த்துத் தொகுத்த தரவை அசோகா பல்கலைக்கழகத்தின் திரிவேதி மையம் இலவசமாகத் தருகிறது. வாக்காளர்களின் கருத்து வேண்டுமென்றால் டெல்லி சி.எஸ்.டி.எஸ். ஆய்வு நிறுவனத்தின் லோக்நீதி பிரிவு நடத்தும் தேர்தல் ஆய்வுகள் இருக்கின்றன.

உள்ளாட்சி என்றால் நிலைமை வேறு. யார் வென்றார்கள், எந்தப் பிரிவுக்கான இடம் என்பது மாநிலத் தேர்தல் ஆணையத்திடமும் அரசிதழிலும் கிடைக்கும். மற்றவற்றுக்குத் தகவல் உரிமைச் சட்டம்தான். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்கோ, ஆட்சியரகத்தில் உள்ள ஊராட்சிகள் உதவி இயக்குநர் அலுவலகத்துக்கோ அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு.

இங்கே புதியவர்கள் செய்யும் பிழை, மனுவில் 'ஏன்' என்று கேட்பது. 'கையெழுத்து ஏன் தாமதமானது?' என்று கேட்டால் பதில் தர வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. அலுவலகத்தில் ஏற்கெனவே இருக்கும் ஆவணத்தைத்தான் அந்தச் சட்டத்தில் கேட்கலாம். 'இன்ன தேதி முதல் இன்ன தேதி வரையிலான தீர்மானப் புத்தகத்தின் நகல்' என்று கேளுங்கள். தீர்மானம் நிறைவேறிய தேதிக்கும் பணம் எடுத்த தேதிக்கும் நடுவே எத்தனை நாள் என்று நீங்களே எண்ணிக்கொள்ளலாம். அந்த எண்ணிக்கைதான் உங்கள் தரவு.

ஒரு ஒன்றியத்துக்கு மட்டும் இதைச் செய்து பாருங்கள். பதில் வந்தால் நல்லது, மேல்முறையீடு வரை போனாலும் எவ்வளவு காலம் ஆகும் என்று தெரிந்துவிடும்.

தேர்தல் நாள்காட்டியையும் பாருங்கள். 2019 டிசம்பரில் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்து, அவர்கள் இடத்துக்கு அரசு நியமித்த தனி அலுவலர்கள் வந்தார்கள். 9 மாவட்டங்களில் தேர்தல் 2021 அக்டோபரில் நடந்ததால் அங்கே கணக்கு வேறு. பதவியில் இருப்பவர் அளந்து பேசுவார், முன்னாள் தலைவர் மனம்விட்டுப் பேசுவார். ஆனால் முன்னாள் தலைவரிடம் ஆவணம் எதுவும் இருக்காது. உங்கள் கேள்விக்கு எது முக்கியம் என்று பார்த்து மாவட்டத்தைத் தேர்ந்தெடுங்கள். சொந்த ஊர் பக்கம் என்பதற்காக மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள்.

5. துறையும் நெறியாளரும்

முதலில் பட்டத்தின் பெயர். பெண்ணியல் துறையில் சேர்ந்தால் பட்டம் அந்தப் பெயரில் வரும். பிறகு அரசியல் அறிவியல் உதவிப் பேராசிரியர் பணிக்கு விண்ணப்பிக்கும்போது அது தொடர்புடைய பாடம் என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில் விழும். கல்லூரி வேலைதான் குறி என்றால் அரசியல் அறிவியலில் பதிவு செய்துகொண்டு, இணை நெறியாளரைப் பெண்ணியல் துறையிலிருந்து கேளுங்கள். ஆய்வு நிறுவனம், தொண்டு நிறுவனம், கொள்கை வேலை என்றால் எதுவும் சரிதான்.

சென்னைப் பல்கலைக்கழகத்தின் அரசியல் மற்றும் பொது நிர்வாகத் துறை, மதுரை காமராசர், புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகம், காந்திகிராமம் ஆகிய இடங்களில் அரசியல் அறிவியல் இருக்கிறது. திருச்சி பாரதிதாசன், காரைக்குடி அழகப்பா, கொடைக்கானல் அன்னை தெரசா பல்கலைக்கழகங்களில் பெண்ணியல் துறை இருக்கிறது. எங்கே சேர்ந்தாலும் சென்னை அடையாறில் உள்ள வளர்ச்சி ஆய்வு நிறுவனத்தின் நூலகத்துக்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

நெறியாளரைத் தேடும்போது புகழைப் பார்க்கும் முன் காலியிடத்தைப் பாருங்கள். பேராசிரியர் ஒரே சமயத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் வழிகாட்டலாம். ஓய்வுபெற 3 ஆண்டுக்குக் குறைவாக இருப்பவர் புதிதாக ஆளெடுக்க முடியாது. இதைப் பார்க்காமல் ஒரே பேராசிரியருக்குப் பின்னால் ஒரு வருடம் நடந்தவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்து 'சோத்கங்கா' தளத்தில் அவருடைய மாணவர்கள் சமர்ப்பித்த ஆய்வேடுகளைத் தேடி இரண்டையாவது புரட்டுங்கள். எல்லாம் ஒரே அச்சில், 300 பேரிடம் கேள்வித்தாள் கொடுத்து கை-ஸ்கொயர் (chi-square) என்ற புள்ளியியல் சோதனை போட்டவையாக இருந்தால், உங்கள் நேர்காணல் முறை ஆய்வுக்கு அவர் சம்மதிக்க மாட்டார். சம்மதித்தாலும் மூன்றாம் ஆண்டில் 'அந்தக் கேள்வித்தாள் எங்கே?' என்பார்.

அனுப்பும் கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம்: கேள்வி, ஏற்கெனவே சோதித்த தரவு, அவருடைய எந்த வேலையோடு இது சேர்கிறது. பத்து நாளில் பதில் இல்லையென்றால் நேரில் போய் நில்லுங்கள். நம் ஊரில் மின்னஞ்சலைவிடத் துறை வராந்தாவில்தான் காரியம் நடக்கிறது.

6. நெட், நேர்காணல், பணம்

நெட் தேர்வு வழக்கமாக ஆண்டுக்கு இரண்டு முறை, ஜூனிலும் டிசம்பரிலும். முதல் தாளில் 50 கேள்வி, இரண்டாம் தாளில் 100, மொத்தம் 300 மதிப்பெண், 3 மணி நேரம். தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது, ஆகவே எதையும் காலியாக விடாதீர்கள்.

2024 ஜூன் முதல் முடிவுகள் மூன்று வகையாக வருகின்றன: உதவித்தொகைக்கும் உதவிப் பேராசிரியர் தகுதிக்கும், உதவிப் பேராசிரியர் தகுதிக்கும் முனைவர் பட்டச் சேர்க்கைக்கும், சேர்க்கைக்கு மட்டும். பின்னிரண்டு வகையில் நெட் மதிப்பெண்ணுக்கு 70%, நேர்காணலுக்கு 30% எடை. அந்த மதிப்பெண் சேர்க்கைக்கு ஒரு வருடம்தான் செல்லும். பலர் இதைக் கவனிக்காமல் பழைய மதிப்பெண்ணோடு வந்து திரும்பிப் போகிறார்கள்.

நெட் வழியாக ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வு உதவித்தொகை) கிடைத்தால் 2023 முதல் மாதம் 37,000 ரூபாய், பிறகு எஸ்.ஆர்.எஃப். (முதுநிலை ஆய்வு உதவித்தொகை) ஆனதும் 42,000. இதற்கு வயது வரம்பு 30. பெண்களுக்கும், எஸ்.சி., எஸ்.டி., கிரீமி லேயரில் வராத ஓ.பி.சி., மாற்றுத்திறனாளிகள், மூன்றாம் பாலினத்தவர் ஆகியோருக்கும் 5 ஆண்டு தளர்வு. கிடைக்காவிட்டால் ஐ.சி.எஸ்.எஸ்.ஆர். (இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் குழு) உதவித்தொகை, ஒற்றைப் பெண் குழந்தைக்கான சாவித்ரிபாய் ஜோதிராவ் பூலே உதவித்தொகை, தமிழக அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகை ஆகியவற்றின் அறிவிப்புகளைப் பார்த்துக்கொண்டே இருங்கள். பகுதிநேரமாகச் சேர்ந்தால் இவை பெரும்பாலும் கிடைக்காது, வேலை செய்யும் இடத்தின் தடையின்மைச் சான்றும் வேண்டும்.

உதவித்தொகை முதல் தவணை வருவதற்கு மாதக்கணக்காகும். எட்டு மாதச் செலவுக்கான பணத்தையோ வழியையோ கையில் வைத்துக்கொண்டு சேருங்கள். பணம் இல்லாமல் களப்பணியைத் தள்ளிப்போட்டால் முழு அட்டவணையும் தள்ளிப்போகும்.

7. முதல் ஆண்டு

கோர்ஸ் ஒர்க் 12 கிரெடிட்டுக்குக் குறையாது, 55% எடுக்க வேண்டும். ஆய்வு நெறி பற்றிய தாள் அதில் கட்டாயம். இதைச் சம்பிரதாயமாக நினைக்காமல், களத்தில் யாருக்கும் பாதிப்பு வராதா என்று பார்த்து ஒப்புதல் தரும் நெறிமுறைக் குழுவுக்கான விண்ணப்பத்தையும் நேர்காணல் வினாப்பட்டியலையும் அந்தத் தாளின் ஒப்படைப்பாகவே எழுதிவிடுங்கள். ஒரு கல்லில் இரண்டு மாங்காய்.

ஆலோசனைக் குழு ஒவ்வொரு செமஸ்டரும் கூடும். ஒவ்வொரு கூட்டத்துக்குப் பிறகும் அவர்கள் சொன்னதைத் தேதியோடு எழுதி, நெறியாளரின் கையெழுத்து வாங்குங்கள். குழுவில் ஆள் மாறும்போது 'இதை யார் சொன்னது?' என்ற கேள்வி வரும், அப்போது காட்ட ஒரு தாள் வேண்டும்.

8. களம்

அனுமதி முதலில். நெறிமுறைக் குழு ஒப்புதலை வாங்காமல் எடுத்த பேட்டியைப் பிறகு பயன்படுத்த முடியாது. விண்ணப்பத்திலேயே 'வாய்மொழிச் சம்மதம், ஒலிப்பதிவில்' என்று கேட்டு வாங்கிவிடுங்கள். எங்கள் உதாரணத்தில் இது ரொம்ப முக்கியம். கையெழுத்தால் வதைபட்ட ஒரு பெண்ணிடம் போய் முதல் வேலையாக ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால் அவர் என்ன நினைப்பார்? எனக்கு இரண்டு ஊரில் கதவு மூடியது அப்படித்தான்.

அடுத்து கிராம சபை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களோடு மார்ச் 22, நவம்பர் 1 தேதிகளிலும் கூட்டுகிறார்கள். யாரிடமும் பேசும் முன் ஒரு சபையில் பின்வரிசையில் உட்காருங்கள். யார் நாற்காலியில், யார் தரையில், தீர்மானத்தை யார் வாசிக்கிறார், தலைவர் பேசும்போது யார் முகத்தைப் பார்த்துப் பேசுகிறார் என்று குறியுங்கள். பேட்டியில் யாரும் சொல்லாதது அந்த இரண்டு மணி நேரத்தில் கிடைக்கும்.

பிறகு தலைவர், அவருக்குப் பிறகு செயலர், கடைசியில் துணைத் தலைவர். இந்த வரிசையை மாற்றாதீர்கள். துணைத் தலைவரிடம் முதலில் போனால் நீங்கள் கேட்ட கேள்வி மாலைக்குள் தலைவர் வீட்டுக்குப் போய்விடும், அவர் பேசத் தொடங்கும் முன்பே பதில் திருத்தப்பட்டிருக்கும்.

தலைவரைத் தொலைபேசியில் கூப்பிட்டால் பெரும்பாலும் கணவர்தான் எடுப்பார். 'என்னன்னு சொல்லும்மா, எல்லாம் நான்தான் பாத்துக்கிறேன்.' நான் முதலில் எடுத்த ஆறு பேட்டிகளிலும் கணவர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். கேட்டது தலைவரிடம், பதில் சொன்னது கணவர். ஆறையும் ஒதுக்க வேண்டியதாயிற்று. கணவரை விரட்டவும் முடியாது, விரட்டினால் பாதிக்கப்படுவது அந்த அம்மா. கடைசியில் பலித்தது இதுதான்: 'அண்ணே, உங்ககிட்ட கேக்க வேண்டியது தனியா நிறைய இருக்கு. அதுக்கு நாளைக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்க. இன்னைக்கு அக்காகிட்ட பேசிட்டுப் போறேன்.' அவருக்கும் மரியாதை, உங்களுக்கும் இரண்டு பேட்டி. அவர் பேட்டியையும் நிஜமாகவே எடுங்கள், ஆய்வுக்கு அது தேவை. மகளிர் குழுவில் ஒருவரை அறிமுகத்துக்குக் கூட்டிப்போனால் பேச்சு இன்னும் எளிது.

அடுத்த சோதனை, 'எந்த ஊரு பாப்பா? யாரு வீட்டுப் பிள்ளை?' கேட்பது உங்கள் சாதியை என்று உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். என்ன சொல்வது என்பதைப் பேருந்தில் ஏறும் முன்பே முடிவு செய்யுங்கள். பொய் சொல்லாதீர்கள், அடுத்த ஒன்றியத்தில் யாராவது உறவுக்காரர் இருப்பார். எந்தப் பதிலுக்கு எந்தக் கதவு திறந்தது, எது மூடியது என்று அன்றிரவே நோட்டில் எழுதுங்கள். முறையியல் அத்தியாயத்தில் ஆய்வாளரின் நிலை என்று ஒரு பகுதி வரும். பெரும்பாலோர் அதில் இரண்டு வரி மன்னிப்புக் கேட்டு முடிக்கிறார்கள். உங்களிடம் உண்மையான தரவு இருக்கும்.

ஊரில் முதல் டீயை எந்தத் தெருவில் குடித்தீர்கள், யார் வண்டியில் வந்து இறங்கினீர்கள் என்பதெல்லாம் உங்களுக்கு முன்னால் போய்ச் சேரும். பேருந்தில் போங்கள். டீயை ஊர்த் தெரு, காலனி இரண்டு பக்கமும் குடியுங்கள்.

ஒரு மணி நேரப் பேச்சை எழுத்தாக்க ஐந்தாறு மணி நேரம் பிடிக்கும். அன்றைய பதிவை அந்த வாரமே எழுதிவிடுங்கள். வட்டார வழக்கை அப்படியே வையுங்கள், 'கையெழுத்து போட மாட்டேங்குறாங்க' என்பதை 'கையொப்பமிட மறுக்கின்றனர்' என்று திருத்தினால் பேசுபவரின் மரியாதைப் பன்மையும் அதிலிருக்கும் அச்சமும் போய்விடும். ஆங்கிலத்தில் ஆய்வேடு எழுதுபவர்கள் மேற்கோள் காட்டும் பகுதியை மட்டும் மொழிபெயர்த்தால் போதும், முழுவதையும் மொழிபெயர்க்க உட்காராதீர்கள்.

9. எழுதுவது

அறிமுக அத்தியாயத்திலிருந்து தொடங்கினால் அங்கேயே நிற்பீர்கள். கண்டுபிடிப்பு அத்தியாயங்களை முதலில் எழுதுங்கள், பிறகு முறையியல், பிறகு முந்தைய ஆய்வுகள், அறிமுகம் கடைசியில். எதைக் கண்டுபிடித்தோம் என்று தெரிந்த பிறகுதான் எந்த முந்தைய ஆய்வு தேவை என்று தெரியும்.

அத்தியாயங்களை ஆட்கள் வாரியாகப் பிரிக்காதீர்கள். 'தலைவர்கள் சொன்னது', 'கணவர்கள் சொன்னது' என்று போனால் அது பேட்டித் தொகுப்பு. எங்கள் உதாரணத்தில் தீர்மானம், கையெழுத்து, பணம், பணி முடிவு என்று ஒரு காரியம் நகரும் வழியில் பிரித்தால் வாதம் தானாக நகரும்.

10. ஒப்புமைச் சோதனை, சமர்ப்பிப்பு, வைவா

2018-ன் யு.ஜி.சி. விதிப்படி ஒப்புமை 10% வரை பிரச்சினையில்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால் திருத்தி 6 மாதத்துக்குள் திரும்பத் தர வேண்டும். 40 முதல் 60 வரை ஓராண்டுத் தடை. 60-க்கு மேல் பதிவே ரத்து. அரசியல் சட்டப் பிரிவுகளையும் அரசாணைகளையும் பக்கம் பக்கமாக ஒட்டுபவர்கள் இங்கே மாட்டுகிறார்கள். சட்டத்தை உங்கள் வார்த்தையில் சொல்லி, பிரிவு எண்ணை மட்டும் போடுங்கள்.

கட்டுரை வெளியிட வேண்டும் என்ற கட்டாயத்தை 2022 விதிகள் எடுத்துவிட்டன, ஆனால் பல்கலைக்கழகம் தானாக வைத்திருக்கலாம். சமர்ப்பிக்கும் மாதத்தில் இதைக் கேள்விப்படாமல் இரண்டாம் ஆண்டிலேயே விசாரியுங்கள்.

ஆய்வேட்டை வெளியிலிருந்து குறைந்தது இரண்டு தேர்வாளர்கள் பார்ப்பார்கள். வைவாவில் என்ன கேட்பார்கள் என்பது மூன்றாம் பகுதியிலேயே இருக்கிறது: அரசியல் அறிவியல் எங்கே, ஆண்களிடம் கேட்டீர்களா, ஆண் தலைவர் உள்ள ஊரில் என்ன நிலை. மூன்றுக்கும் பக்க எண்ணோடு பதில் வைத்திருங்கள்.

கடைசி வேலை ஒன்று இருக்கிறது, இதைப் பலர் மறக்கிறார்கள். ஆய்வேடு சோத்கங்காவில் ஏறியதும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பெயரை மாற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். ஒன்றியத்தின் பெயர், 'பட்டியல் சாதிப் பெண்களுக்கான ஊராட்சி', பதவிக்காலம் மூன்றையும் சேர்த்தால் பல ஒன்றியங்களில் இரண்டு மூன்று பேர்தான் மிஞ்சுவார்கள், சில இடத்தில் ஒரே ஒருவர். அந்தத் துணைத் தலைவரும் அதே ஊரில்தான் இருக்கிறார். ஒன்றியத்தின் பெயரை எடுத்துவிட்டு மாவட்டத்தோடு நிறுத்துங்கள், நன்றியுரையில் ஊர்ப்பெயர் இருந்தால் நீக்குங்கள், பின்னிணைப்பில் தீர்மானப் புத்தகத்தின் நகல் இருந்தால் கையெழுத்தையும் முத்திரையையும் மறையுங்கள். அதன் பிறகு கோப்பை ஏற்றுங்கள்.